லென்ஸின் மேல் எழுதியிருப்பது என்ன?



பிறந்த ஊரைவிட்டு வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், புகைப்படம் கடிதத்தின் பாதி வேலையைச் செய்துவருகிறது. பேத்தி பள்ளி மேடையில் ஆடியதையும், பேரன் ஓட்டப் பந்தயத்தில் ஓடியதையும் ஊரிலுள்ள பெரியவர்கள் படத்தின் வாயிலாகத்தான் காண்கிறார்கள். இதற்குக் கைபேசியே பெரும்பாலும் போதுமானது. ஆயினும் இரண்டு இடங்களில் அது தோற்றுவிடுகிறது. ஒன்று, பொருள் தொலைவில் இருக்கும்போது. மற்றொன்று, பொருள் அசைந்துகொண்டும் வெளிச்சம் குன்றியும் இருக்கும்போது. மேடை நடனம், மாலை நேரத்துத் திருமண மண்டபம், விளையாட்டு மைதானம் ஆகிய மூன்றும் இவ்வகையைச் சேர்ந்தவை. நாம் பெரிதும் பாதுகாத்து வைக்க விரும்புகிற படங்களும் இவையே அன்றோ?

இதற்காகவே பல குடும்பங்கள் ஒரு காமிராவை வாங்கி வைத்திருக்கின்றன. காமிராவுடன் சேர்த்தே தரப்படும் 18-55 மில்லிமீட்டர் லென்ஸைச் சில மாதங்கள் பயன்படுத்திய பிறகு, இரண்டாவது லென்ஸ் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் தோன்றுகிறது. விலையை விசாரித்தால் மனம் தளர்ந்துவிடுகிறது. காமிரா தயாரித்த நிறுவனமே செய்யும் உயர்ரக ஜூம் லென்ஸ் ஒன்றின் விலை, காமிராவின் விலையையே மிஞ்சிவிடுவதுண்டு. அப்போதுதான் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து வேறு பெயர் பொறித்த லென்ஸ் ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். விலை ஏறக்குறையப் பாதி. ஆனால் அதன் கழுத்தைச் சுற்றி ஒரு முழ நீளத்துக்கு எண்களும் எழுத்துகளும் காணப்படுகின்றன. வாங்கலாமா, கூடாதா? அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் விடை அவற்றிலேயே இருக்கிறது. அவற்றைப் படிக்கும் முறையை இன்றைய பேச்சில் காண்போம்.

முதலில் ஓர் ஐயத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். பிற நிறுவனத்து லென்ஸ் என்றால் போலிச் சரக்கு என்று பொருளன்று. இத்துறையில் பெயர் பெற்றவை மூன்று ஜப்பானிய நிறுவனங்கள்: டாம்ரான், டோக்கினா, சிக்மா. முதல் இரண்டும் 1950-ஆம் ஆண்டில் தோன்றியவை. சிக்மாவை மிச்சிஹிரோ யமாகி என்பவர் 1961-இல் நிறுவினார். லென்ஸுக்கும் காமிராவுக்கும் இடையே பொருத்தி உருவத்தைப் பெரிதாக்கும் துணைக்கருவியே அவருடைய முதல் தயாரிப்பு. டாம்ரானின் முன்னோடியான தைசெய் நிறுவனம் 1957-இலேயே, ஒரே லென்ஸைப் பல நிறுவனத்துக் காமிராக்களிலும் மாற்றி மாற்றிப் பொருத்துவதற்கான இணைப்பு முறை ஒன்றைக் கொண்டுவந்தது.

விலை குறைவதன் இரகசியமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு லென்ஸின் கண்ணாடி அமைப்பை ஒரு தடவை திட்டமிட்டுவிட்டு, அதன் பின்புறத்தை மட்டும் மாற்றி, நான்கைந்து வகைக் காமிராக்களுக்கு அவர்கள் விற்கிறார்கள். திட்டமிடும் செலவு பலரிடையே பங்கிடப்படுகிறது. சில இடங்களில் உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டிக்கைக் கையாளுகிறார்கள்; மழைத்துளி புகாத காப்பு சில லென்ஸ்களில் இருக்காது. கண்ணாடியின் தரத்தில் மட்டும் பெரிய குறை வைப்பதில்லை. 2013-இல் சிக்மா வெளியிட்ட 18-35 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ், முழு நீளத்திலும் எஃப் 1.8 என்ற துவாரத்தைத் தந்தது. காமிரா நிறுவனங்கள் எவையும் அதற்குமுன் அவ்வகைக் காமிராக்களுக்கு அத்தகைய ஜூம் ஒன்றைச் செய்து தந்ததில்லை.

இனி எழுத்துகளுக்கு வருவோம். அலுவலகக் கோப்புகளைப் போலவே லென்ஸும் சுருக்கெழுத்துகளில்தான் பேசுகிறது. முதலில் வருவன எண்கள். 17-50 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தால், அது குவியத் தூரத்தைக் குறிக்கும். எண் சிறிதானால் காட்சி அகலமாகும். பெரிதானால் தொலைவிலுள்ள பொருள் அருகில் வரும். இரண்டு எண்கள் இருந்தால் அது ஜூம் லென்ஸ். ஒரே எண் இருந்தால் நிலையான லென்ஸ். 35 மில்லிமீட்டர் படச்சுருள் காமிராக்களுக்கான முதல் ஜூம் லென்ஸ் 1959-இல்தான் விற்பனைக்கு வந்தது. ஃபோக்ட்லாண்டர் நிறுவனத்தின் ஜூமார் என்னும் அந்த லென்ஸ் 36 முதல் 82 மில்லிமீட்டர் வரை நீண்டது.

அதே லென்ஸ் எல்லாக் காமிராக்களிலும் ஒரே காட்சியைத் தராது. காமிராவினுள் பிம்பம் விழும் சென்சார் இரண்டு அளவுகளில் பெரும்பாலும் கிடைக்கிறது. பழைய படச்சுருளின் அளவான 36-க்கு 24 மில்லிமீட்டர் உடையது ஃபுல் ஃபிரேம். அதனினும் சிறியது ஏ.பி.எஸ்.-சி. எனப்படுவது. நடுத்தர விலையுள்ள காமிராக்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையே. சிறிய சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதால், லென்ஸின் எண்ணை நிக்கான், சோனி காமிராக்களில் 1.5-ஆலும், கேனான் காமிராக்களில் 1.6-ஆலும் பெருக்கிப் பார்க்க வேண்டும். 70-300 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று சிறிய சென்சாருள்ள நிக்கானில் 105-450 போல நடந்துகொள்ளும். மைதானத்தின் மறுகோடியில் ஓடும் பையனைப் படம் பிடிக்க இது அனுகூலமே. ஆனால் 24-இல் தொடங்கும் லென்ஸ் 36 போலாகிவிடும். சிறிய கூடத்தில் குடும்பம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்க அது போதாது. சிறிய சென்சாருக்கான லென்ஸ்கள் 16, 17, 18 என்று தொடங்குவதன் காரணம் இதுதான்.

அடுத்து வருவது எஃப் என்னும் எழுத்தும் அதனையொட்டிய எண்ணும். விலையைப் பெரிதும் தீர்மானிப்பது இந்த எண். குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது இது. ஆகவே எண் சிறிதானால் துவாரம் பெரிது, வெளிச்சம் அதிகம். 1.4, 2, 2.8, 4, 5.6, 8 என்ற வரிசையில் ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகக் குறைகிறது. ஆதலின் 2.8 என்பது 5.6-ஐக் காட்டிலும் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது.

சில லென்ஸ்களில் 3.5-5.6 என்று இரண்டு எண்கள் இருக்கும். அகலக் காட்சியில் 3.5, நீட்டிப் பிடிக்கும்போது 5.6 என்பது அதன் பொருள். காமிராவுடன் வரும் லென்ஸ் இவ்வகையே. 2.8 என்று ஒரே எண் இருந்தால், எங்கு நீட்டினாலும் அதே துவாரம் கிடைக்கும். திருமண மண்டபத்தில் இதன் பயனைக் காணலாம். 55 மில்லிமீட்டரில், எஃப் 5.6-இல் ஒரு காட்சிக்கு 1/30 வினாடி தேவையானால், மாலை மாற்றும் கைகள் மங்கிவிடும். எஃப் 2.8-இல் அதே காட்சிக்கு 1/125 வினாடி போதும். கைகள் தெளிவாகப் பதியும். இரண்டாவது லென்ஸுக்குக் கொடுக்கும் பணம் இந்த வேறுபாட்டுக்காகவே கொடுக்கப்படுகிறது.

பெரிய துவாரத்துக்குப் பெரிய கண்ணாடி தேவை. 50 மில்லிமீட்டரில் எஃப் 2.8 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம் போதும். 200 மில்லிமீட்டரில் அதே 2.8 வேண்டுமானால் 71 மில்லிமீட்டர் விட்டம் வேண்டும். அதனால்தான் 70-200 எஃப் 2.8 லென்ஸ்கள் ஒன்றரைக் கிலோ அளவுக்குக் கனக்கின்றன. விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. மலிவான விலையில், நீண்ட தூரமும் பெரிய துவாரமும் ஒருங்கே கிடைக்கும் என்று யாரேனும் கூறினால் நம்ப வேண்டாம். இயற்கை விதி அதற்கு இடங்கொடுப்பதில்லை.

எண்களுக்குப் பின் எழுத்துக் கூட்டம் தொடங்குகிறது. இவற்றை நான்கு கேள்விகளாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

முதற் கேள்வி: எந்த அளவு சென்சாருக்காகச் செய்யப்பட்டது? சிக்மாவில் டி.ஜி. என்றால் ஃபுல் ஃபிரேம், டி.சி. என்றால் சிறிய சென்சார். டாம்ரானில் டி-ஐ என்று மட்டும் இருந்தால் ஃபுல் ஃபிரேம். டி-ஐ இரண்டு என்றிருந்தால் சிறிய சென்சார். இவ்விரண்டும் கண்ணாடி மடங்கும் பழைய டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களுக்கு உரியவை. டி-ஐ மூன்று என்றால் மிர்ரர்லெஸ் காமிராவுக்கு உரியது. அதனோடு ஏ என்ற எழுத்தும் சேர்ந்திருந்தால் சிறிய சென்சாருள்ள மிர்ரர்லெஸ். டோக்கினாவில் எஃப்.எக்ஸ்., டி.எக்ஸ். என்று நிக்கானைப் பின்பற்றி எழுதுகிறார்கள். முன்னது பெரிது, பின்னது சிறிது. பெரிய சென்சாருக்கான லென்ஸைச் சிறிய சென்சாரில் பொருத்தினால் கெடுதல் இல்லை. கூடுதல் கனத்தைச் சுமக்க நேரும், அவ்வளவே. மாற்றிச் செய்தால் படத்தின் நான்கு மூலைகளும் இருண்டுவிடும். பொருந்துகிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. கேனான் தன் சிறிய சென்சார் லென்ஸான இ.எஃப்.-எஸ். என்பதைப் பெரிய காமிராவில் ஏறாதபடியே செய்திருக்கிறது. பிற நிறுவனங்களின் சிறிய லென்ஸ்களோ அதே காமிராவில் தடையின்றி ஏறிவிடும். ஏறிய பிறகுதான் மூலை இருளும்.

இரண்டாம் கேள்வி: எந்த மவுண்ட்டுக்காகச் செய்யப்பட்டது? மவுண்ட் என்பது லென்ஸும் காமிராவும் பூட்டிக்கொள்ளும் வளையம். இது லென்ஸின் பெயரிலேயே எழுதப்படுவதில்லை; பெட்டியின் மேல் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஆகையால்தான் பலர் இதில் இடறுகிறார்கள். நிக்கானுக்குப் பழைய எஃப் மவுண்ட், 2018-இல் வந்த இசட் மவுண்ட் என இரண்டு உண்டு. கேனானுக்கு 1987-இல் வந்த இ.எஃப்., 2018-இல் வந்த ஆர்.எஃப். என இரண்டு. ‘நிக்கானுக்கு லென்ஸ் வேண்டும்’ என்று மட்டும் கடையில் கேட்பது, ‘சென்னைக்கு டிக்கெட் வேண்டும்’ என்று மட்டும் கூறி வண்டியின் பெயரைச் சொல்லாமல் விடுவதைப் போன்றது. காமிராவின் மாதிரி எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழைய லென்ஸைப் புதிய மிர்ரர்லெஸ் காமிராவில் இணைப்பு வளையம் ஒன்றின் உதவியால் பொருத்தலாம். மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி நிக்கான் எஃப் காமிராவில் 46.5 மில்லிமீட்டர், இசட் காமிராவில் 16 மில்லிமீட்டர்தான். மிஞ்சும் இடைவெளியை வளையம் நிரப்பிவிடுகிறது. புதிய லென்ஸைப் பழைய காமிராவில் பொருத்த இவ்வழி உதவாது. இல்லாத இடத்தில் எந்த வளையத்தை வைப்பது?

மிர்ரர்லெஸ் வைத்திருப்போர் இன்னொரு செய்தியையும் அறிய வேண்டும். லென்ஸும் காமிராவும் மின்சார முறையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அம்மொழியை வெளியாருக்குச் சொல்வதா வேண்டாமா என்பது காமிரா நிறுவனத்தின் விருப்பம். சோனி தன் இ மவுண்ட்டின் அடிப்படை விவரங்களை 2011-லேயே பிற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அதனால் சோனிக்கு மலிவான லென்ஸ்கள் ஏராளம். கேனானின் ஆர்.எஃப். மவுண்ட்டுக்குச் சிக்மாவும் டாம்ரானும் தாமே குவியம் கொள்ளும் லென்ஸ்களை 2024-இல்தான் அறிவித்தன. அவையும் சிறிய சென்சாருக்கானவையாகவே தொடங்கின. ஆகவே புதிய காமிரா வாங்க எண்ணுகிறவர்கள், அதன் மவுண்ட்டுக்குப் பிற நிறுவன லென்ஸ்கள் எத்தனை உண்டு என்பதை முதலில் விசாரிப்பது நலம். காமிராவை ஒருமுறை வாங்குகிறோம். லென்ஸைப் பலமுறை வாங்குகிறோம்.

சிக்மாவின் மிர்ரர்லெஸ் லென்ஸ்களில் டி.என். என்ற எழுத்துகள் காணப்படும். ஆனால் 2025-இல் வந்த 16-300, 17-40 போன்ற சில சிக்மா லென்ஸ்களில் அவ்வெழுத்துகள் விடப்பட்டுள்ளன. அவையும் மிர்ரர்லெஸுக்கு உரியவையே. ஆதலின் எழுத்தை மட்டும் நம்பாமல் பெட்டியிலுள்ள மவுண்ட் பெயரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் கேள்வி: கை நடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பு உண்டா? இங்குதான் பெயர்க் குழப்பம் மிகுதி. ஒரே பொருளுக்கு ஐந்து சொற்களைக் கண்டு திகைப்பது மொழிபெயர்ப்பாளர்களுக்கு வழக்கம். லென்ஸ் வாங்குவோருக்கும் அதே அனுபவம் கிட்டுகிறது. கேனானில் ஐ.எஸ்., நிக்கானில் வி.ஆர்., சோனியில் ஓ.எஸ்.எஸ்., சிக்மாவில் ஓ.எஸ்., டாம்ரானில் வி.சி. ஐந்தும் ஒன்றே. லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி நம் கையின் அசைவுக்கு எதிராக அசைந்து பிம்பத்தை நிலைநிறுத்துகிறது.

இது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்துகொள்வது முக்கியம். கையில் பிடித்து எடுக்கும்போது, குவியத் தூரத்தைத் தலைகீழாக்கிய வினாடிக்குக் குறையாமல் வேகம் வேண்டும் என்பது பழைய விதி. 300 மில்லிமீட்டருக்கு 1/300 வினாடி. சிறிய சென்சாரானால் 1/450. நடுக்கத்தடுப்பு இருந்தால் இதைவிட மெதுவாகவும் எடுக்கலாம். கோயில் கோபுரம், உட்கார்ந்திருக்கும் பாட்டி, இரவில் ஒளிரும் தெரு ஆகியவற்றுக்கு இது பேருதவி. ஆனால் அது நம் கையை நிறுத்துமே அன்றி, ஆடும் குழந்தையின் காலை நிறுத்தாது. அதற்குப் பெரிய துவாரம்தான் வழி. சில காமிராக்களில் சென்சாரே அசைந்து நடுக்கத்தைத் தடுக்கிறது. அத்தகைய காமிரா உடையவர்கள் லென்ஸில் அவ்வெழுத்துகள் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

எழுத்து இல்லாதிருப்பதும் ஒரு செய்தியே என்பதற்கு உதாரணம் ஒன்று கூறுவோம். டாம்ரானின் 70-300 எஃப் 4.5-6.3, டி-ஐ மூன்று, ஆர்.எக்ஸ்.டி. என்ற லென்ஸ் 2020-இல் சோனிக்கும், பின்னர் 2022-இல் நிக்கான் இசட் மவுண்ட்டுக்கும் வந்தது. கனம் 600 கிராமுக்கும் குறைவு. விலையும் எட்டும் விலை. பெயரை முழுதும் படித்துப் பார்த்தால் வி.சி. என்ற இரண்டு எழுத்துகள் அதில் இல்லை. நிக்கான் இசட் 50 போன்ற காமிராவிலோ சென்சார் தடுப்பும் இல்லை. எனவே பகல் வெயிலில் மைதானத்துக்கு அது அருமையான லென்ஸ். மாலையில் மேடைக்கு அது உதவாது. விளம்பரம் இதைச் சொல்லாது. லென்ஸின் பெயர் சொல்லிவிடுகிறது.

நான்காம் கேள்வி: குவியம் கொள்ளச் செய்யும் மோட்டார் எங்கே இருக்கிறது? யு.எஸ்.எம்., எஸ்.டி.எம்., ஏ.எஃப்.-எஸ்., எச்.எஸ்.எம்., யு.எஸ்.டி., ஆர்.எக்ஸ்.டி., வி.எக்ஸ்.டி. ஆகிய யாவும் லென்ஸுக்குள் இருக்கும் மோட்டாரின் பெயர்கள். மிர்ரர்லெஸ் லென்ஸ்களில் மோட்டார் தவறாமல் உள்ளே இருப்பதால் கவலை இல்லை. பழைய லென்ஸ் வாங்கும் நிக்கான் அன்பர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். டி 3500, டி 5600 போன்ற நிக்கான் காமிராக்களின் உடலில் மோட்டார் கிடையாது. டாம்ரானின் 17-50 எஃப் 2.8 லென்ஸ் நிக்கானுக்கு முதலில் வந்தபோது அதற்குள்ளும் மோட்டார் இல்லை. பிற்காலப் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. பழைய பதிப்பை இக்காமிராக்களில் பொருத்தினால் படம் விழும். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கையாலேயே வளையத்தைத் திருகிக் குவியம் கொள்ள வேண்டும். ஓடும் குழந்தையைத் திருகிக்கொண்டே தொடர முடியுமா?

இந்நான்கு கேள்விகளுக்கும் அப்பால் மிஞ்சுகிற எழுத்துகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டுவதில்லை. எல்.டி., எஸ்.எல்.டி., இ.டி., ஏ.பி.ஓ. போன்றவை வண்ணச் சிதறலைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடியைக் குறிக்கின்றன. நல்ல செய்திதான், இன்று பெரும்பாலான லென்ஸ்களில் அது உண்டு. டாம்ரானின் எஸ்.பி., சிக்மாவின் பழைய இ.எக்ஸ்., 2012-க்குப் பின் வந்த ஆர்ட், கன்டெம்பரரி, ஸ்போர்ட்ஸ் ஆகியவை வரிசைப் பெயர்கள். கன்டெம்பரரி என்பது விலையும் கனமும் குறைந்த வரிசை. அதைத் தாழ்வாக எண்ண வேண்டாம். மாக்ரோ என்ற சொல்லை மட்டும் சற்று ஐயத்துடன் நோக்க வேண்டும். மலிவான 70-300 லென்ஸ்களில் அது ஓரளவு அருகிலிருந்து எடுக்கலாம் என்பதையே குறிக்கும். குறுக்குக் கோடு கீறிய வட்டத்தையடுத்து 67 அல்லது 72 என்று எண் இருந்தால் அது முன்பக்கத்து ஃபில்ட்டரின் விட்டம். அதைக் குவியத் தூரம் என்று மயங்குவோரும் உண்டு.

இப்போது மூன்று தேவைகளுக்கு விடை காண்போம். திருமணம், பிறந்தநாள், நவராத்திரிக் கொலு முதலிய வீட்டு விசேஷங்கள் முக்கியமானால், சிறிய சென்சாருக்கு 17-50 அல்லது 18-50 எஃப் 2.8 வகையே முதலில் வாங்கத்தக்கது. பழைய கேனான், நிக்கான் காமிராக்களுக்கு டாம்ரானின் 17-50 இரண்டாங்கை விற்பனையில் கிடைக்கிறது. மிர்ரர்லெஸுக்குச் சிக்மா 2021-இல் வெளியிட்ட 18-50 எஃப் 2.8 டி.சி. டி.என். ஏறக்குறைய 300 கிராம்தான், நடுக்கத்தடுப்பு இல்லை. டாம்ரானின் 17-70 எஃப் 2.8-இல் வி.சி. உண்டு, கனம் அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும். சுமையா, தடுப்பா என்பதைக் குடும்பமே தீர்மானிக்கட்டும்.

மைதானமும் பறவைகளும் முக்கியமானால் 70-300 வகை போதும். பகல் வெளிச்சம் துவாரத்தின் குறையை ஈடுசெய்துவிடும். மேடை நடனம்தான் கடினமானது. தூரமும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். 70-200 எஃப் 2.8 வாங்க இயலாதவர்கள், முன் வரிசையில் இடம் பிடித்துக்கொண்டு 50 எஃப் 2.8-ஐப் பயன்படுத்துவது, கடைசி வரிசையிலிருந்து 300 எஃப் 6.3-ஐப் பயன்படுத்துவதைவிட நல்ல படம் தரும். நாற்காலிக்கு விலை இல்லை அன்றோ?

ஊருக்குப் போகும் நீண்ட இரயில் பயணத்தில் ஒரே லென்ஸ் போதும் என்பவர்களுக்கு 18-200, 18-300, 18-400 வகைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சுமாராகச் செய்யும்; இருட்டில் மட்டும் கைவிட்டுவிடும். காமிராவுடன் வந்த 18-55 லென்ஸின் குறையான துவாரச் சிறுமையே இதற்கும் உண்டு. மண்டபத்துக்காக வாங்குகிறவர் இதை வாங்கினால், பணம் செலவாகும், குறை தீராது.

கடைக்குச் செல்லும்போது செய்ய வேண்டியவை சில. தில்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி ஆனாலும், மும்பைக் கோட்டைப் பகுதியின் போரா பஜார் ஆனாலும், சொந்தக் காமிராவை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். லென்ஸைப் பொருத்தி, கடையிலுள்ள செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் நேராகப் பிடிக்கச் செய்து, துவாரத்தை முழுதும் திறந்துவைத்து, அகலத்திலும் நீளத்திலும் சில படங்கள் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் எழுத்துகள் கூர்மையாக இருக்க வேண்டும். மூலைகள் சற்று மங்கலாம்; ஆனால் இடப்புற மூலை தெளிவாகவும் வலப்புற மூலை கலங்கியும் இருந்தால், உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது என்று பொருள். அந்த லென்ஸை விட்டுவிட்டு வேறொன்று கேட்கலாம்.

இரண்டாங்கை லென்ஸானால், கைவிளக்கை ஒருபுறம் பிடித்து மறுபுறத்திலிருந்து உள்ளே பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற கோடுகள் தென்பட்டால் அது பூஞ்சணம். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று நகரங்களில் இது சாதாரணம். ஒரு தூசி இருந்தால் பாதகமில்லை. பூஞ்சணம் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வாங்கிய லென்ஸையும் மழைக்காலத்தில் துணிப் பீரோவில் வைக்காமல், மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்க வேண்டும்.

பில் இல்லாமல் வாங்கினால் விலையைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. குறைந்த தொகைக்காக இதற்கு இணங்கலாகாது. நிறுவனத்தின் இந்திய விநியோகஸ்தர் தரும் உத்தரவாதமா, கடைக்காரர் தாமே தரும் உத்தரவாதமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மில் பலர் மாற்றலாகிச் செல்பவர்கள். இவ்வாண்டு நாக்பூரில் வாங்கிய லென்ஸ் அடுத்த ஆண்டு குவாஹாட்டியில் பழுதாகலாம். கடையின் உத்தரவாதம் கடைத்தெருவைத் தாண்டாது. பிற நிறுவன லென்ஸுக்கு இது மேலும் முக்கியம். காமிராவின் உள்நிரலை நிறுவனம் புதுப்பிக்கும்போது, சில வேளைகளில் பழைய பிற நிறுவன லென்ஸை அது அடையாளம் கண்டுகொள்ளாமல் போவதுண்டு. அப்போது லென்ஸின் நிரலையும் புதுப்பிக்க வேண்டும். இக்காலத்து லென்ஸ்கள் சிலவற்றை நாமே கணினியில் இணைத்துப் புதுப்பித்துக்கொள்ளலாம். மற்றவற்றைச் சேவை நிலையத்துக்கு அனுப்பியாக வேண்டும். அங்கே பில்லைத்தான் முதலில் கேட்பார்கள்.

சொன்னவற்றைத் தொகுத்துக்கொள்வோம். கடைக்காரர் லென்ஸை நீட்டியதும் விலையைக் கேட்கும் முன்பாக, மவுண்ட் எது, சென்சார் அளவு எது, துவாரம் எவ்வளவு, நடுக்கத்தடுப்பும் மோட்டாரும் எங்கே என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டுக்கும் விடை பொருந்தாவிட்டால் லென்ஸ் எவ்வளவு நல்லதாயினும் நமக்கு உரியதன்று. மூன்றாவது நம் தேவைக்குப் பொருந்தாவிட்டால், எவ்வளவு மலிவானாலும் அது வீண்செலவு. இவை யாவும் பொருந்திவிட்டால், மேலே எந்த நிறுவனத்தின் பெயர் எழுதியிருந்தாலும் தயங்க வேண்டியதில்லை. ஊரில் படத்தைப் பார்க்கப்போகும் பெரியவர்கள் லென்ஸின் பெயரைக் கேட்கப் போவதில்லை. குழந்தையின் முகம் தெளிவாகத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.